‘எனக்கு இது வராது’ என்று தோன்றும்போது: பாட்டு வகுப்புக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நாற்பதை ஒட்டிய வயதில் கர்நாடக சங்கீதம் கற்க வருபவர்களும், அதே வயதில் ஓட ஆரம்பிப்பவர்களும் பாதியில் விட்டுப் போகும்போது சொல்வது ஒன்றுதான்: “எனக்கு இது வராது.” வார இறுதியில் ஓட்டக் குழுவின் கடைசி வரிசையில் புதியவர்களோடு ஓடுகிறேன், மாலையில் பெரியவர்களுக்கான பாட்டு வகுப்பில் சரளி வரிசை (முதலில் கற்றுத்தரும் ஸ்வரப் பயிற்சி) பாடுபவர்களோடு உட்காருகிறேன். அதனால் இந்த வாக்கியம் இரண்டு பக்கமும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

பார்த்தவரையில், பாதிக்கு மேல் அது மனசின் கோளாறே இல்லை. வேகம் தவறு, சுருதி தவறு, அல்லது ஒப்பிட்டுப் பார்த்த ஆள் தவறு. அவற்றைச் சரிசெய்த பிறகும் மிச்சம் இருக்கும் தயக்கம் சின்னது. அதற்குத்தான் மனசைப் பழக்கும் வேலை தேவைப்படுகிறது. இந்த வரிசை முக்கியம். முதலில் மனசைத் தேற்றிக்கொண்டு, அதே தவறான வேகத்தில் மறுபடி இறங்கினால், இரண்டாவது முறை விழும் அடி முதல் அடியைவிட பலமாக இருக்கும்.

பாட்டு, ஓட்டம் இரண்டில் ஒன்றை மட்டும் செய்பவர்கள் மற்றதற்கான பத்திகளைத் தாண்டிப் போக வேண்டாம். ஒன்றில் பிடிபடாத காரணம் இன்னொன்றில் சட்டென்று பிடிபடும்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

பாட்டுக்கு: சுருதிப்பெட்டி (ஆதார ஸ்வரத்தை இடைவிடாமல் ஒலிக்கும் பெட்டி), தாளம் காட்டும் மெட்ரோனோம், ஒலிப்பதிவு வசதி. மூன்றும் போனிலேயே கிடைக்கும். ஆனால் சுருதியை போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காமல் வெளி ஸ்பீக்கரில் கேளுங்கள். சின்ன ஸ்பீக்கரில் கீழ் ஷட்ஜம் (‘ஸ’) சரியாகக் கேட்காது. பிடித்துக்கொள்ள ஆதாரம் இல்லாமல் குரல் அலையும்.

ஓட்டத்துக்கு: பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடும் ஷூ, நிமிடம் காட்டும் சாதாரண கைக்கடிகாரம். முதல் இரண்டு மாதம் ஜிபிஎஸ் வாட்ச் வேண்டாம். அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மணிக்கட்டை அதிர வைத்து ஒரு எண்ணைக் காட்டும். புதியவருக்கு அந்த எண்ணால் பயன் எதுவும் இல்லை, வருத்தம்தான் மிச்சம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருப்பவர்களும், வருடக்கணக்கில் உடற்பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டு நாற்பது தாண்டியவர்களும் ஓட ஆரம்பிக்கும் முன் டாக்டரை ஒரு முறை பார்த்துவிடுங்கள். உடம்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நெஞ்சு படபடக்கும்போது “இது ஆபத்தோ?” என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் இருந்தால், பாதி பயம் கிளம்பவே கிளம்பாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும். எதற்கு என்பது 6ஆம் பகுதியில்.

2. சுருதியையும் வேகத்தையும் முதலில் இறக்குங்கள்

இந்தப் பகுதியை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பலருக்கு மற்றவை தேவைப்படாது.

பாட்டில் ஆரம்பிக்கலாம். ஆதார ‘ஸ’ எந்த உயரத்தில் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; எண் கூடினால் உயரமும் கூடும். பொதுவாக ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும், பெண்களுக்கு நாலரையிலிருந்து ஐந்தரை கட்டைக்குள்ளும் சுருதி அமையும். இது உத்தேசம்தான், உங்கள் கட்டையை உங்கள் தொண்டைதான் சொல்ல வேண்டும். இரண்டு சோதனை போதும். மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ‘ப’) வெறும் காற்றாகப் போகாமல் காதில் கேட்க வேண்டும். மேல் ஷட்ஜத்தில் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) நிற்கும்போது தோள்பட்டை மேலே ஏறக் கூடாது, தாடை முன்னால் நீளக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் அதுதான் உங்கள் கட்டை.

வகுப்புக்கு வந்த ஒரு அம்மா மேல் ஷட்ஜம் வந்தாலே வாயை மூடிக்கொள்வார். வாத்தியார் நிறுத்தினார்.

“ஏம்மா, அங்க மட்டும் சத்தமே வரல?”

“எனக்குக் குரலே இல்ல சார். என் பொண்ணு சர்வ சாதாரணமா பாடுறா.”

“வீட்டுல எத்தனை கட்டையில வெச்சு சாதகம் பண்றீங்க?”

“அவ வெச்சிருக்கறதுதான். ஆறரை.”

வாத்தியார் பதில் பேசாமல் சுருதிப்பெட்டியை ஐந்துக்கு இறக்கினார். அன்றைக்கே மேல் ஷட்ஜம் வந்தது. கொஞ்சம் நடுங்கித்தான் வந்தது, ஆனால் வந்தது. பிள்ளையின் கட்டையில் அம்மா பாடிக்கொண்டிருந்த நாளெல்லாம், குரல் இல்லை என்ற முடிவுக்கு அவரே தினமும் சாட்சி சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்தது காலம், அதாவது ஸ்வரங்கள் போகும் வேகம். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடும்போது தாளத்தின் வேகம் மாறுவதில்லை. ஒரு அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு) ஒரு ஸ்வரம், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. புதியவர்கள் முதல் காலத்தைத் தங்களுக்கு வசதியான வேகத்தில் எடுக்கிறார்கள். அது வழக்கமாக மெட்ரோனோமில் 70ஐ ஒட்டி இருக்கும். அப்படி எடுத்தால் மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 280 ஸ்வரம். நாக்கு குழறாமல் என்ன செய்யும்?

கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். மூன்றாம் காலத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கும் வேகம் எதுவோ, அதுதான் உங்கள் முதல் கால வேகம். பலருக்கு அது 40, 45இல் வந்து நிற்கும். அந்த வேகத்தில் முதல் காலம் இழுவையாக, அலுப்பாக இருக்கும். இருக்கட்டும். அந்த இழுவையில்தான் ஸ்வரம் சுருதியில் நிற்கக் கற்றுக்கொள்கிறது.

ஓட்டத்திலும் இதே கணக்குதான். புதியவர் பள்ளிக்கூட ஓட்டப்பந்தய ஞாபகத்தில் புறப்படுவார். மூன்று நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பார். “எனக்கு ஸ்டாமினா இல்ல பாஸ்” என்பார். ஸ்டாமினாவைப் பற்றி அந்த மூன்று நிமிடம் எதுவும் சொல்லவில்லை. வேகம் அதிகம் என்று மட்டும்தான் சொன்னது.

சரியான வேகத்தைப் பேசிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிந்தால் சரி. ஒற்றைச் சொல்தான் வெளியே வருகிறது என்றால் வேகம் அதிகம். பல்லவியையே பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் போகலாம். இந்த வேகத்தில் சிலருக்கு அது ஓட்டமாகவே தெரியாது. பக்கத்தில் விறுவிறுவென்று நடக்கும் தாத்தா தாண்டிப் போவார். போகட்டும்.

தொடர்ந்து ஓடவும் வேண்டாம். முதல் வாரம் ஐந்து நிமிட நடைக்குப் பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாறி மாறி எட்டுச் சுற்று. மொத்தம் 20 நிமிடம். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. மூச்சு சீக்கிரம் பழகிவிடும்; எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும். மூச்சு தரும் தைரியத்தில் தூரத்தைக் கூட்டுபவர்களுக்குத்தான் மூன்றாவது, நாலாவது வாரத்தில் முன்கால் எலும்பு வலிக்கிறது. அப்புறம் அதே பல்லவி: “என் உடம்புக்கு இது சரிப்படாது.”

3. தீர்ப்பு வந்தால் அதைத் தகவலாக மாற்றுங்கள்

“உனக்கு சுருதி ஞானமே இல்லை” என்பது தீர்ப்பு. “ரிஷபம் கொஞ்சம் மேலே போகிறது” என்பது தகவல். தீர்ப்பை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய முடியாது. தகவல் இருந்தால் காலையில் உட்கார்ந்து ‘ஸ ரி ஸ’ பாடலாம்.

வாத்தியார் தீர்ப்பாகச் சொன்னால் எதிர்த்துப் பேசத் தேவையில்லை, முகம் வாடவும் தேவையில்லை. மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்: “எந்த ஸ்வரம் சார்? எந்த இடத்தில்? மேலேயா, கீழேயா?” நல்ல வாத்தியார் உடனே பாடிக் காட்டுவார். மாதக்கணக்கில் கேட்டும் பதிலே வராமல் “உனக்கெல்லாம் வராது” என்பது மட்டுமே வந்தால், வாத்தியாரை மாற்றுவதில் தப்பில்லை. இதில் நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு, தெரியும். குருவை மாற்றுவதாவது என்று வீட்டிலேயே கேட்பார்கள். காசு கொடுத்துக் கற்க வந்த பெரியவருக்கு ‘எதைச் சரிசெய்ய வேண்டும்’ என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்பது என் கட்சி.

உங்களுக்கு நீங்களே தரும் தீர்ப்புக்கும் இதே வைத்தியம்தான். “நான் ஓட லாயக்கில்லை” என்று எழுதாதீர்கள். “பன்னிரண்டாவது நிமிடத்தில் வலது விலா பிடித்தது, அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி சாப்பிட்டேன்” என்று எழுதுங்கள். இரண்டாவதில் செய்ய வேண்டியது கூடவே எழுதியிருக்கிறது.

சுருதி வித்தியாசத்தையே பிரித்தறிய முடியாத காது நிலை என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது மிகச் சிலருக்கே. வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் கேட்டே எந்த சினிமாப் பாட்டு என்று சொல்லிவிடுகிறீர்கள் என்றால், வேறு யாராவது சுருதி விலகிப் பாடும்போது நெளிகிறீர்கள் என்றால், அந்தச் சிலரில் நீங்கள் இல்லை.

4. சந்தேகம் வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

சந்தேகம் எல்லா இடத்திலும் வருவதில்லை. அதற்கென்று வாடிக்கையான இடங்கள் இருக்கின்றன. அந்த இடம் தெரிந்தால் அதற்கு ஒரு வேலை கொடுக்கலாம்.

மாயாமாளவகௌளையில் (ஆரம்பப் பயிற்சிகளுக்கான ராகம்) பாடும் புதியவர்களுக்கு அவரோகணத்தின் (இறங்கு வரிசையின்) கடைசி நாலு ஸ்வரம் ஒரு இடம். ‘ம க ரி ஸ’ என்று இறங்கும்போது, அந்தர காந்தாரத்திலிருந்து (‘க’) சுத்த ரிஷபத்துக்கு (‘ரி’) பெரிய இறக்கம். ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு மிகச் சின்ன இறக்கம். தொண்டை எல்லாப் படியும் ஒரே உயரம் என்று நினைத்து இறங்குகிறது. அதனால் ரிஷபம் மேலேயே தங்கிவிடுகிறது. ஷட்ஜத்தில் வந்து சேரும்போது ஏதோ ஒட்டவில்லை என்று காதுக்குத் தெரிகிறது, எது என்று தெரியவில்லை. “மொத்தமா தப்பு” என்று தோன்றுவது இங்கேதான். மொத்தம் தப்பில்லை, ஒரு ஸ்வரம் தப்பு. வரிசையை முதலிலிருந்து திரும்பத் திரும்பப் பாடாமல், அந்த நாலை மட்டும் தனியே எடுத்து, ரிஷபத்தில் இரண்டு அட்சரம் நின்று இறங்கிப் பழகுங்கள். ஜண்டை வரிசையில் (ஸ்வரங்களை இரட்டை இரட்டையாகப் பாடும் பயிற்சி) இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் விழாமல் போவதும், மூன்றாம் காலத்தில் விரல் எண்ணிக்கை தொலைவதும் இதே மாதிரி வாடிக்கையான இடங்கள்.

ஓட்டத்தில் முதல் வாடிக்கையான இடம் ஆரம்பமே. ஓடத் தொடங்கியதும் தசைகளுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் உடனே வந்து சேராது; இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த நேரம் எல்லோருக்கும் மூச்சு முட்டும், வருடக்கணக்காக ஓடுபவருக்கும்கூட. புதியவர் அதை வைத்து மீதி அரை மணி நேரத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறார். இன்னொரு இடம் முக்கால் தூரம். முடிவு கண்ணில் படாது, ஆரம்ப உற்சாகமும் தீர்ந்திருக்கும்.

இந்த இடத்துக்குத் தரும் வேலை: நடக்கத் தோன்றுவதற்கு முன்பே நடந்துவிடுவது. முக்கால் தூரத்தில் தளர்ச்சி வரும் என்று தெரிந்தால், முதல் பத்து நிமிடத்திலிருந்தே ஒவ்வொரு நாலு நிமிட ஓட்டத்துக்கும் ஒரு நிமிட நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இதுதான். நீங்கள் திட்டமிட்டு நடந்தால் அது பயிற்சியின் பகுதி. தாங்காமல் நடந்தால் அதே ஒரு நிமிடம் தோல்வி என்று மனசில் பதிகிறது.

5. பத்து நிமிடம் கழித்து முடிவு செய்யுங்கள்

பாயை விரிக்கும்போதும் ஷூ லேஸ் கட்டும்போதும் வரும் “இன்னிக்கு வேண்டாமே” என்பதோடு வாதாட வேண்டாம். “சரி, பத்து நிமிடம் கழித்துக் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பாட்டென்றால் அந்தப் பத்து நிமிடம் கீழ் ஸ்தாயியில் அகாரம் (‘ஆ’ என்று இழுத்துப் பாடுவது) மட்டும். ஓட்டமென்றால் நடையும் மெதுவான ஓட்டமும் மட்டும்.

பத்தாவது நிமிடத்திலும் வேண்டாம் என்றே தோன்றினால் நிறுத்திவிடலாம். நிஜமாகவே நிறுத்தலாம், ஏமாற்று இல்லை. நிறுத்தும் அனுமதி பொய் என்று தெரிந்தால் மனசு அடுத்த முறை ஒத்துழைக்காது. இந்த விதியில் ஒரே ஒரு தடை: நிறுத்தும் முடிவை ஐந்தாவது நிமிடத்தில் எடுக்கக் கூடாது. தொண்டையும் காலும் அப்போது இளகியே இருக்காது.

ஓடிவிட்டு வந்த கையோடு பாட உட்காருவதையும் தவிருங்கள். தொண்டை வறண்டிருக்கும், மூச்சு இன்னும் அடங்கியிருக்காது. அன்றைக்குக் குரல் மோசம் என்று தோன்றுவது நியாயமே இல்லாத சந்தேகம்.

6. நோட்டில் முன்கணிப்பை எழுதுங்கள்

பலர் நோட்டில் செய்ததை எழுதுகிறார்கள். செய்யப்போவதைப் பற்றி மனசு என்ன சொன்னது என்பதையும் எழுத வேண்டும். ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து, இடது பக்கம் தொடங்கும் முன் ஒரு வரி, வலது பக்கம் முடித்த பிறகு ஒரு வரி. இப்படி:

இடது: “ராத்திரி தூக்கம் சரியில்லை. 20 நிமிடம் முடியாது.”
வலது: “20 முடிந்தது. கடைசி இரண்டு சுற்று கஷ்டம்.”

இடது: “ஜண்டை வரிசை இரண்டாம் காலம் இன்று வந்துவிடும்.”
வலது: “வரவில்லை. ‘ப ப’வில் மூச்சு போதவில்லை.”

ஒரு மாதம் கழித்துப் படித்துப் பாருங்கள். ‘முடியாது’ என்று எழுதிய நாட்களில் எத்தனை நாள் முடிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மனசு தைரியம் சொல்லும்போதும் தப்பாகக் கணித்திருப்பது தெரியும், அதுவும் நல்லதே. இந்த ஆளின் ஜோசியம் இரண்டு பக்கமும் நம்பத்தக்கதல்ல என்று கையெழுத்திலேயே சாட்சி இருக்கும்.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியபோது, அடுத்தவர் தரும் ஊக்க வார்த்தைகளைவிடத் தானே செய்து முடித்த அனுபவத்துக்குத்தான் வலு அதிகம் என்றார். அந்த அனுபவத்தை மறதி தின்றுவிடாமல் காப்பதே நோட்டின் வேலை. முடியாமல் போனதை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். முடித்ததை யார் ஞாபகம் வைக்கிறோம்?

இங்கே நடக்கும் தவறு: எண்களை மட்டும் எழுதுவது. “5.2 கிமீ, 41 நிமிடம்” என்பதை ஆப்பே வைத்துக்கொள்ளும். நோட்டுக்கு அது தேவையில்லை.

7. உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள், ஆனால் மறுநாள்

பதிவில் தன் குரலை முதன்முதலாகக் கேட்டவர்கள் பாதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பாடும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பு வழியாகவும் வருகிறது. எலும்பு வழி கீழ் ஒலிகளைக் கூட்டிக் காட்டும். பதிவில் அது இல்லை. குரல் மெலிந்து, வேறு யாரோ மாதிரி கேட்கிறது. இது எல்லோருக்கும் பொது. சில வாரம் கேட்டால் பழகிவிடும்.

பாடி முடித்த உடனே கேட்காதீர்கள். அப்போது கேட்டால் காது தப்பை மட்டும்தான் தேடும். மறுநாள் சாதகத்துக்கு முன் கேளுங்கள். ஒரு முறை கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முதல் முறை தாளம், அடுத்த முறை சுருதி. இரண்டு நிமிடப் பதிவு போதும்.

முதல் பதிவை அழிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து அதைப் போட்டுக் கேட்கும்போது எந்த வாத்தியாரின் பாராட்டும் தராத ஒன்று கிடைக்கும். இதை எத்தனை சொன்னாலும் புதியவர்கள் வெட்கப்பட்டு அழித்துவிடுகிறார்கள்.

ஓட்டத்தில் இதற்கு ஈடு: மாதம் ஒரு முறை ஒரே பாதையை, நாளின் ஒரே நேரத்தில், பேச முடிகிற அதே வேகத்தில் ஓடிப் பார்ப்பது. 400 மீட்டர் டிராக் கிடைத்தால் நல்லது. 5 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரைச் சுற்று, எண்ணுவதற்குச் சுலபம்.

8. அந்த நிமிடத்தில் என்ன சொல்லிக்கொள்வது

இதுவரை சொன்னதைச் செய்த பிறகும் மிஞ்சும் தயக்கத்துக்குத்தான் இந்தப் பகுதி. முதலிலேயே இங்கே தாவி வருபவர்கள் வேகத்தை இறக்காமல் மந்திரம் தேடுகிறார்கள்.

2014இல் வெளிவந்த ஒரு ஆய்வில், சைக்கிள் மிதிப்பவர்களுக்குத் தங்களைத் தாங்களே ஊக்கப்படுத்திப் பேசிக்கொள்ளும் வாக்கியங்களை இரண்டு வாரம் பழக்கினார்கள். களைத்து நிறுத்தும்வரை மிதித்த நேரம் 18 சதவீதம் கூடியது. அதே மிதிப்பு முன்பைவிட லேசாகத் தோன்றியது. இதில் கவனிக்க வேண்டியது, வாக்கியத்தை அவர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துப் பழகியிருந்தார்கள் என்பதுதான். மூச்சு முட்டும் நேரத்தில் புதிதாக யோசித்தால் நல்ல வாக்கியம் வராது.

வாக்கியம் சின்னதாக, உங்கள் பேச்சுத் தமிழில், ஒரு செயலைச் சொல்வதாக இருக்கட்டும். “அடுத்த லைட் கம்பம் வரைக்கும்.” “தோளை இறக்கு.” “இப்ப நல்லாத்தான் போகுது.” பாட்டில் “தப்பு பண்ணாதே” என்று சொல்லிக்கொள்வது வேலைக்கு ஆகாது, கவனம் தப்பின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். “தட்டு, சுண்டுவிரல்” என்று தாளத்தைச் சொல்லிக்கொண்டால் கவனம் கைக்குப் போகும், தொண்டை தன் வேலையைப் பார்க்கும்.

பாடுவதற்கு முன் வரும் படபடப்புக்கு இன்னொன்று. “அமைதியாகு” என்று சொல்லிக்கொண்டு யாரும் அமைதியானதில்லை. அதே 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், கரோக்கே பாடுவதற்கு முன் “எனக்கு உற்சாகமாக இருக்கிறது” என்று சொன்னவர்கள், “எனக்குப் பதற்றமாக இருக்கிறது” என்று சொன்னவர்களைவிடச் சுருதி, தாளத்தோடு சரியாகப் பாடினார்கள். பதற்றத்திலும் உற்சாகத்திலும் உடம்பு ஒரே மாதிரிதான் துடிக்கிறது. அதை அடக்கப் பார்ப்பதைவிடப் பெயரை மாற்றுவது சுலபம்.

9. கேட்பவர்களைப் படிப்படியாகக் கூட்டுங்கள்

பாட்டில் வரிசை இது: சுருதிப்பெட்டி மட்டும், போன் பதிவு, வீட்டில் ஒருவர், அவர் சமையலறையில் வேலையாக இருக்கும்போது, அப்புறம் அவர் எதிரில் உட்கார்ந்து, வகுப்பில் ஒரு சகமாணவர், அதற்குப் பிறகுதான் கூட்டம். ஒவ்வொரு படியிலும் படபடப்பு குறையும்வரை இரண்டு மூன்று முறை தங்குங்கள். படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் ஒரே நாளில் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

பெரியவர்களுக்கு முதல் கூட்டம் பெரும்பாலும் மேடையில் வருவதில்லை. நவராத்திரி கொலுவில் வருகிறது. வெற்றிலை பாக்கு வாங்கப் போன இடத்தில் “பாட்டு கத்துக்கறீங்களாமே, ஒண்ணு பாடுங்க” என்பார்கள். தப்பிக்க முடியாது, ஆகவே தயாராகப் போங்கள். பாட்டை இப்போதே தேர்ந்தெடுங்கள். போன மாதம் கற்ற கீர்த்தனை வேண்டாம். கற்று மூன்று மாதமாவது ஆன கீதமோ எளிய பாட்டோ போதும். படபடப்பில் கடைசியாகக் கற்றதுதான் முதலில் கலையும். போனில் சுருதியை உங்கள் கட்டையில் வைத்து எடுத்துப் போங்கள். சுருதி இல்லாமல் ஆரம்பித்தால் பதற்றத்தில் ஒரு கட்டை மேலே எடுத்துவிட்டு அனுபல்லவியில் (பெரும்பாலும் மேலே ஏறும் இரண்டாம் பகுதியில்) மாட்டிக்கொள்வீர்கள். வேகத்தை வீட்டில் பாடுவதைவிடக் கொஞ்சம் குறைத்து நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். அங்கே எப்படியும் கூடிவிடும்.

ஓட்டத்தில் முதலில் குழுவோடு ஒரு ஞாயிறு, அப்புறம் நேரம் கணக்கிடாத 5 கிலோமீட்டர் நிகழ்ச்சி, அப்புறம் 10. பயிற்சியில் ஒரு முறையாவது 8 கிலோமீட்டர் முடித்திருந்தால் 10க்குப் பதிவு செய்யலாம். அன்றைக்குக் கடைசி வரிசையில் நில்லுங்கள். முன்னால் நின்றால் முதல் கிலோமீட்டரில் நூறு பேர் உங்களைத் தாண்டுவார்கள்; கடைசியில் நின்றால் முடிவுக்குள் சிலரையாவது நீங்கள் தாண்டுவீர்கள். ஓடிய வேகம் இரண்டிலும் ஒன்றுதான், வீட்டுக்குக் கொண்டுபோகும் ஞாபகம் வேறு. புது ஷூ, புது எனர்ஜி ஜெல், புது டீஷர்ட் எதுவும் அன்று வேண்டாம்.

10. யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

டிசம்பர் சீசனில் சபா சபாவாகக் கேட்டுவிட்டு ஜனவரியில் வகுப்புக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. அதே ஜனவரியில் சென்னை மாரத்தான் முடிந்ததும் வாட்ஸ்அப் முழுக்க மெடல் படங்கள். ஓட்டக் குழுவிலும் சிலர் காணாமல் போவார்கள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த எட்டு வயதுப் பிள்ளை வர்ணம் பாடுகிறதே என்று வருந்துபவர்களுக்கு: அந்தப் பிள்ளை உங்களுக்கு நாலு வருட சீனியர்.

வானிலையையும் மறக்காதீர்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் மே மாதப் புழுக்கத்தில் வியர்வை காயாது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இதயம் அதிகம் துடிக்கும். டிசம்பரில் ஓடிய நேரத்தை மே மாதத்தில் எதிர்பார்த்தால் ‘பின்னடைவு’ என்ற பொய்யான செய்திதான் கிடைக்கும். மே மாதத்தைப் போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

11. சந்தேகத்தை மதிக்க வேண்டிய சமயங்கள்

எல்லாத் தயக்கத்தையும் தள்ளிக்கொண்டு போகக் கூடாது.

ஓடும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள். எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்து அழுத்தினால் சுரீர் என்று வலித்தால், ஓட ஓட அது கூடினால், ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். இரண்டு காலிலும் பரவலாக, மறுநாள் எழும்பி இரண்டு நாளில் அடங்கும் வலி வேறு. அது பழகும் வலி.

பாடும்போது தொண்டையில் வலி என்றால் அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். குரல் கம்மல் மூன்று நாலு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். சளி பிடித்த நாட்களில் கிசுகிசுத்தோ கனைத்தோ குரலை வரவழைக்க வேண்டாம்; தாளம் போட்டுக்கொண்டு மனசுக்குள் ஸ்வரம் ஓட்டுங்கள். அதுவும் சாதகம்தான்.

இன்னொன்று: இதை நீங்கள் விரும்பித்தான் செய்கிறீர்களா என்ற சந்தேகம். ஆபீசில் எல்லோரும் ஓடுகிறார்கள் என்பதற்காக வந்தவர், பிள்ளையை வகுப்பில் விட வந்து தானும் சேர்ந்தவர், ஆறு மாதம் கழித்து “இது எனக்கில்லை” என்றால் அது தன்னம்பிக்கைக் குறைவு அல்ல. அவரை யாரும் பிடித்து இழுக்க வேண்டாம்.

12. விட்டுப்போன பிறகு திரும்புவது

கல்யாணம், காய்ச்சல், ஆடிட் என்று ஏதாவது வந்து மூன்று வாரம் போய்விடும். இந்தத் திரும்பும் நாளில்தான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். விட்ட இடத்திலேயே பிடிக்கப் பார்ப்பதால்.

ஓட்டத்தில் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போயிருந்தால் முன்பு ஓடியதில் பாதியில் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய தூரத்துக்கு வாருங்கள். காய்ச்சல் என்றால் அது முழுதாக விட்டு, படியேறினால் களைக்காத நிலை வந்த பிறகே. பாட்டில் முதல் இரண்டு நாள் சரளி வரிசை முதல் காலம் மட்டும், ஒரு கட்டை இறக்கி. மூன்றாவது நாள் உங்கள் சுருதிக்குத் திரும்பி, கடைசியாக நன்றாக வந்த உருப்படியை (பாட்டை) எடுங்கள். கடைசியாகக் கற்றுக்கொண்டிருந்ததை அல்ல.

வகுப்புக்கு வராத நாட்களுக்கு நீண்ட விளக்கம் எழுதி, அது சரியாக வரவில்லை என்று மேலும் ஒரு வாரம் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். வாத்தியாருக்கு “வியாழக்கிழமை வரலாமா சார்?” என்று ஒரு மெசேஜ் போதும். பதில் வரும்வரை காத்திருக்காமல் அன்று சாயங்காலமே பத்து நிமிடம் சுருதியைப் போட்டு உட்காருங்கள்.